என் தாடைக்குள் இருப்பது எந்தக் கம்பெனி இம்ப்ளான்ட்?

பெறுநர்:
மேலாளர், நோயாளிகள் குறைதீர்ப்புப் பிரிவு,
பல் மருத்துவமனைத் தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: எனக்குப் பொருத்திய இம்ப்ளான்ட்டின் விவரங்களைத் தராமல் அலைக்கழிப்பது குறித்து.

ஐயா,

உங்கள் மதுரைக் கிளையில் சென்ற ஆண்டு கீழ் இடப்பக்கக் கடைவாய்ப்பல் ஒன்றுக்குப் பதிலாக இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் ஸ்க்ரூவைப் பதித்து அதன்மேல் பொருத்தும் செயற்கைப் பல்) வைத்துக்கொண்டேன். பக்கத்துப் பற்களில் மாட்டும் பிரிட்ஜ் கட்டினால் இரண்டு பக்கமும் உள்ள நல்ல பற்களைச் சீவ வேண்டும் என்றார் டாக்டர். மனசு வரவில்லை. அதனால்தான் ரூ.35,000 கொடுத்து இதற்கு ஒப்புக்கொண்டேன்.

வாசலில் '3 நாளில் பல்' என்று போர்டு இருக்கிறது. எனக்கு நான்கு மாதம் ஆனது. அதைப் பற்றிப் புகார் இல்லை. டைட்டானியம் ஸ்க்ரூவைச் சுற்றி எலும்பு வளர்ந்து பிடித்துக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும், எனக்குச் சர்க்கரை வேறு இருப்பதால் அவசரப்படக் கூடாது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். அவர் கைவேலையிலும் குறை சொல்ல மாட்டேன். போர்டைத்தான் கழற்ற வேண்டும்.

குறை அதற்கு அப்புறம்தான். இரண்டு மாதம் முன்பு முறுக்குக் கடித்தபோது கேப் (மேலே தெரியும் பல் பகுதி) ஆடத் தொடங்கியது. கிளைக்குப் போனால் அந்த டாக்டர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். புதியவர் வருவார், போன் செய்கிறோம் என்றார்கள். மூன்று வாரம் காத்திருந்தேன், போன் வரவில்லை. வேறொரு பல் டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரே பார்த்துவிட்டு, எலும்பில் உள்ள ஸ்க்ரூ உறுதியாக இருக்கிறது, அதற்கும் கேப்புக்கும் நடுவில் இருக்கும் அபட்மென்ட்டின் சின்னத் திருகுதான் தளர்ந்திருக்கிறது என்றார். சின்ன வேலைதான். ஆனால் ஒவ்வொரு கம்பெனியின் திருகும் ஒவ்வொரு விதம், அதை முடுக்கும் சாவியும் வேறு. "எந்தக் கம்பெனி, என்ன அளவு என்று கேட்டு வாங்கி வாருங்கள், தெரியாமல் கை வைத்தால் திருகு உள்ளேயே முறிந்துவிடும்" என்று அனுப்பிவிட்டார்.

உங்கள் பில்லில் 'இம்ப்ளான்ட் - 1' என்று மட்டும் இருக்கிறது. கடையில் மிக்ஸி வாங்கினால்கூட சீரியல் நம்பர் போட்டு அட்டை தருகிறார்கள். என் எலும்புக்குள் வைத்த பொருளுக்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை. கிளையில் கேட்டால் ஃபைல் சென்னையில் என்கிறார்கள், சென்னைக்குப் பேசினால் கிளையில் கேளுங்கள் என்கிறார்கள். மூன்று முறை நடந்தாயிற்று.

உங்கள் வரவேற்பறைச் சுவரில் ஸ்வீடன் பேராசிரியர் பிரனேமார்க் படம் மாட்டியிருக்கிறீர்கள். 1965-இல் அவர் இம்ப்ளான்ட் பொருத்திய முதல் நோயாளிக்கு அது 40 ஆண்டு உழைத்ததாம். எனக்கு வைத்ததும் அவ்வளவு காலம் இருக்கும் என்றால், அது என்ன என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டாமா?

எனவே, இம்ப்ளான்ட்டின் கம்பெனிப் பெயர், மாடல், விட்டம், நீளம், லாட் நம்பர், அதாவது தயாரிப்புத் தொகுதி எண் (பெட்டியின் ஸ்டிக்கரை என் ஃபைலில் ஒட்டியிருப்பீர்கள்), அபட்மென்ட் விவரம், தாடை ஸ்கேன் நகல் ஆகியவற்றை 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் அனுப்புங்கள். திருகை முடுக்க வெளியில் ஆகும் செலவையும் நீங்களே ஏற்க வேண்டும். இல்லையென்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

பில் நகலும் எக்ஸ்ரே நகலும் இணைத்துள்ளேன். இப்போதைக்கு வலப்பக்கமாகவே மென்று கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மதுரைக் கிளை நோயாளி