45ஆம் நாள் ஊசியோடு காதையும் விசாரியுங்கள்

பெறுநர்: தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட சுகாதார அலுவலர்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, வணக்கம்.

எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்துப் போவார்கள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ சீரோடு பிள்ளையைக் கொண்டுவந்து விடுவார்கள். உங்கள் வீடுகளிலும் இதுதான் நடக்கும், நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பச்சைக் குழந்தைக்குச் செய்யும் காது பரிசோதனை மட்டும், பிள்ளை பிறந்த ஊரிலேயே வளரும் என்ற நினைப்பில் நடக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

என் மகளுக்குப் பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது. 90 டெசிபலுக்கு மேல் இழப்பு. பிறந்தது பாபநாசம் பக்கம், வளர்வது திருத்துறைப்பூண்டி பக்கம்.

பிறந்த மறுநாளே காதில் சின்ன ரப்பர் முனையை வைத்து ஓஏஈ என்ற முதல்கட்ட காது சோதனை பார்த்தார்கள். குழந்தை தூங்கும்போதே சில நிமிடங்களில் முடிந்துவிடும். இரண்டு பக்கமும் 'ரெஃபர்' என்று வந்தது, அதாவது தேறவில்லை, மறுபடி பார்க்க வேண்டும். "காதுல தண்ணி இருக்கும்மா, ஒரு மாசம் கழிச்சுப் பாத்துக்கலாம்" என்றார் செவிலியர். அவர் சொன்னதில் தப்பே இல்லை. பிறந்த ஓரிரு நாளில் காதுக்குள் நீரும், பிறக்கும்போது உடம்பில் ஒட்டிவரும் வெள்ளை மாவும் அடைத்திருந்தாலும் ரெஃபர் வரும். பெரும்பாலான பிள்ளைகள் மறுமுறை தேறிவிடுவார்கள். நிரந்தரக் குறை ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று குழந்தைகளுக்குத்தான். அந்தப் பிள்ளை எது என்று தெரிய, ரெஃபர் வந்த அத்தனை பேரையும் விடாமல் திரும்பப் பார்த்தாக வேண்டும். அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

எங்கள் கைக்கு வந்தது, மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஆங்கிலத்தில் கிறுக்கிய 'ரிப்பீட் ஓஏஈ'. தாய் சேய் நல அட்டையில் அதைப் பற்றி ஓர் எழுத்து கிடையாது. 45ஆம் நாள் ஊசி அம்மா ஊரில், அடுத்தது மாமியார் ஊரில். இங்கே உள்ள கிராம சுகாதார செவிலியர் தங்கமானவர். எடை பார்த்தார், தாய்ப்பால் விசாரித்தார், காய்ச்சல் கண்டால் எத்தனை சொட்டு மருந்து என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். காதைப் பற்றி அவர் எப்படிக் கேட்பார்? அவர் பார்க்கிற எந்தக் காகிதத்திலும் அது இல்லையே.

வீட்டில் சந்தேகம் வராதா என்பீர்கள். சுலபத்தில் வராது. கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் 'ங்கா' சொல்லும், முகம் பார்த்துச் சிரிக்கும், கதவை அறைந்தால் அதிர்வு பட்டுத் திரும்பும். அப்புறம் குரல் குறையும்போது, வசம்பைச் சுட்டு நாக்கில் தடவு என்பார்கள். "இவ அப்பனே மூணு வயசுலதான் வாயைத் திறந்தான்" என்பார்கள். "கிரகணத்துல வெளியே போனியா?" என்று ஒரு ஆத்தா கேட்கும். சொந்தத்தில் கட்டினால் இந்த ஆபத்து கூடும் என்பது ஊருக்கே தெரியும், ஆனாலும் பழி தாய்க்கு மட்டும்தான். மரபணுக் குறை பெரும்பாலும் நன்றாகக் காது கேட்கும் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் சேர்ந்துதான் இறங்குகிறது. இதை ஒப்புக்கொண்ட மாமியாரை நான் இன்னும் பார்க்கவில்லை.

கடைசியில் பெரா எடுக்கச் சொன்னார்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர் ஒட்டி, ஒலி மூளைக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது. பிள்ளை தூங்கினால்தான் எடுக்க முடியும், அதனால் காலையிலிருந்து தூங்கவிடாமல் கொண்டுவரச் சொல்வார்கள். திருத்துறைப்பூண்டியில் ஏறி மன்னார்குடி வழியாகத் தஞ்சாவூர் போகிற பஸ்ஸில், சம்பா வயல் காற்று முகத்தில் அடிக்கும்போது எந்தப் பிள்ளை தூங்காமல் இருக்கும்? உள்ளங்காலில் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தேன். வடுவூர் தாண்டும்போது தூங்கிவிட்டாள். ஆஸ்பத்திரியில் இறங்கியதும் கண்ணைக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு விளையாடினாள். இன்னொரு நாள் வரச் சொன்னார்கள்.

ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் காதுக்கருவியும் பயிற்சியும் என்பது மருத்துவர்களே வைத்திருக்கும் கணக்கு. எங்களுக்கு உறுதியானதே முதல் பிறந்தநாள் கழிந்த பிறகு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு காக்ளியர் இம்ப்ளாண்ட், அதாவது உள்காதில் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை, இலவசமாகச் செய்கிறீர்கள். எங்களைப் போன்றவர்களால் நினைத்துப் பார்க்க முடியாத செலவு, அதற்கு நன்றி. ஆனால் திட்டம் ஆறு வயது வரை காத்திருக்கும், பிள்ளையின் மூளை காத்திருக்காது. மொழி வேர்பிடிக்கிற காலம் முதல் இரண்டு மூன்று வருடம்தான். (அதுவரை சைகை காட்டாதே, பேச்சு வராது என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு. நான் காட்டுகிறேன். கை வழியாக வந்தாலும் மொழி மொழிதானே.)

பிறப்புச் சான்றிதழுக்கே, கர்ப்பத்தைப் பதியும்போது தரும் பிக்மி எண்ணைக் கேட்கிறீர்கள். அந்த எண் தாயோடு எந்த மாவட்டத்துக்கும் போகிறது. ரெஃபர் என்ற முடிவையும் அதே எண்ணில் ஏற்றுங்கள். அட்டையில் பிறந்த அன்று போடும் ஊசிகளின் கட்டத்துக்குப் பக்கத்திலேயே தமிழில் எழுதுங்கள். 45ஆம் நாள் ஊசியை எங்கள் தாய்மார்கள் விடுவதில்லை, அன்றைக்கு எந்த ஊர் செவிலியராக இருந்தாலும் "மறுபடி காது பார்த்தாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். பார்க்கவில்லை என்றால், பிள்ளை இப்போது இருக்கிற மாவட்டத்தின் இடையீட்டு மையத்துக்கு (பிள்ளைகளின் பிறவிக் குறைகளைச் சீக்கிரம் கண்டு கவனிக்கும் அரசு மையம்) எழுதிக் கொடுக்கட்டும். 75ஆம் நாளும் பார்க்காமல் வந்தால் அங்கிருந்து வீட்டுக்கு போன் வரட்டும். இன்குபேட்டரில் இருந்த பிள்ளை, மஞ்சள் காமாலை முற்றி ரத்தம் மாற்றிய பிள்ளை என்றால் ஓஏஈயில் தேறினாலும் பெரா எடுத்தே ஆக வேண்டும். அதையும் அட்டையிலேயே குறித்துவிடுங்கள்.

புதுக் கட்டடம் எதுவும் இதற்கு வேண்டாம். நான்கு மாவட்டத்திலும் ஒரே நாளில் தொடங்குவது சிரமம் என்றால், கோட்டூர் வட்டாரத்திலும் தலைஞாயிறு வட்டாரத்திலும் இந்த வருடம் தொடங்குங்கள். தாய் வீட்டுக்குப் போய் வந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மறுபரிசோதனை நடந்தது என்று ஆறு மாதம் கழித்து அறிவியுங்கள்.

இப்படிக்கு,
திருத்துறைப்பூண்டி பக்கத்து ஒரு தாய்