சிஎம் பங்க் எழுதியதைப் படித்துவிட்டுப் பேசலாமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மல்யுத்த வீரர் ஒருவர் காமிக்ஸ் எழுதுகிறார் என்றாலே 'பேருக்குப் போட்டிருப்பாங்க, வேற யாராவது எழுதியிருப்பாங்க' என்று தள்ளிவிடுகிறார்கள். போன வாரம் நண்பர் ஒருவரும் இதையே சொன்னார். அன்று அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை, மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

பேச்சு சிஎம் பங்க் பற்றி வந்தது. சிகாகோக்காரர், 2011 நவம்பரிலிருந்து 434 நாள் டபிள்யூடபிள்யூஇ மல்யுத்தக் கம்பெனியின் சாம்பியன் பட்டத்தை விடாமல் வைத்திருந்தவர். 2014 ஜனவரியில் ராயல் ரம்பிள் போட்டி முடிந்த கையோடு கம்பெனியை விட்டுப் போய்விட்டார். அடுத்த வருஷம் பிப்ரவரியில் மார்வெல் காமிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட, தோர் என்ற சூப்பர் ஹீரோவின் ஆண்டு மலரில் இருந்த மூன்று கதைகளில் ஒன்று இவருடையது. ராப் கில்லரி வரைந்தார், எழுதியவர் என்று பங்க் பெயர் மட்டும்தான். தன் மந்திரச் சுத்தியலைத் தூக்கும் தகுதி இன்னும் வராத இளவயதுத் தோர் குடிப்போட்டியில் இறங்குகிற கதை அது. குடிக்க மாட்டேன், போதை தொட மாட்டேன் என்பதையே தன் அடையாளமாக வைத்திருக்கும் மனிதர் குடிகாரக் கூத்தை ஒரு வரி உபதேசம்கூட இல்லாமல், ரசித்து எழுதியிருக்கிறார். தனக்குப் பழக்கமே இல்லாத ஒன்றுக்குள் போய் உட்கார்ந்து எழுதுவதற்குக் கை வேண்டாமா?

அப்புறம் அதே வருஷம் நவம்பரில் மார்வெலின் இன்னொரு ஹீரோவான டிராக்ஸை வைத்துப் பங்க் எழுதிய தொடர் வந்தது, மொத்தம் 11 இதழ். இதில் கல்லன் பன் என்ற அனுபவசாலியும் சேர்ந்து எழுதினார், நண்பர் பிடித்துக்கொண்டது இதைத்தான். தொழில் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்வது எப்படிக் குறையாகும்? சினிமாவில் டிராக்ஸாக நடித்த பட்டிஸ்டாவும் மல்யுத்த வீரர் என்பதால் எல்லாம் விளம்பர ஏற்பாடு என்று தோன்றலாம். ஆனால் பங்க் 2012லேயே, பட்டம் கையில் இருந்தபோதே, மார்வெலின் அவெஞ்சர்ஸ், எக்ஸ்மென் என்ற ஹீரோ கூட்டங்கள் மோதும் காமிக்ஸ் தொகுப்புக்கு முன்னுரை எழுதியவர். ரிங்குக்கு வரும்போது அவர் போடும் கூச்சலே ஃபென்டாஸ்டிக் ஃபோர் காமிக்ஸில் திங் என்ற ஹீரோ பேசுகிற வசனம்தான். டிராக்ஸ் நடுவில் கொஞ்சம் இழுக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன், ஆனாலும் தானோஸ் என்ற வில்லனைக் கொல்லக் கிளம்பியவன் வழியில் வேறு வம்பில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் எனக்கு ரொம்பப் பிடித்தன.

உண்மையில் மல்யுத்த வீரர்கள் இத்தனை வருஷமாகச் செய்ததும் கதை சொல்வதுதான். வாரா வாரம் திங்கட்கிழமை டிவியில், வருஷம் முழுக்க லீவே இல்லாத தொடர்கதை. யார் நல்லவன், யார் கெட்டவன், சண்டை எதற்கு, இந்த வாரம் எந்த இடத்தில் நிறுத்தினால் அடுத்த வாரமும் ஜனங்கள் வந்து உட்காருவார்கள் என்று யோசித்தே பழகியவர்கள். 2011 ஜூன் 27 அன்று லாஸ் வேகாஸில் பங்க் மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மைக்கை அணைக்கும்வரை கம்பெனியையே வெளுத்து வாங்கினாரே, அதைப் பார்த்தவர்களுக்கு வசனத்தில் அவருக்குள்ள பிடி தெரியும். ரிங்கில் கூட்டத்தின் சத்தத்தை வைத்துப் பேச்சை மாற்றிக்கொள்ளலாம், காமிக்ஸில் அது முடியாது, கட்டத்துக்குள் இருக்கும் நாலு வார்த்தையும் ஓவியமும்தான் எல்லாம். அதற்காக அவர் புதிதாகப் பழகியிருக்கிறார் என்பதைத்தான் நான் மதிக்கிறேன்.

அவர் மனைவி ஏஜே லீயும் மல்யுத்தத்தை விட்ட பிறகு 2019இல் நடிகை ஏமி கார்சியாவோடு சேர்ந்து, பெண் மல்யுத்த வீரர்களைப் பற்றிய க்ளோ காமிக்ஸ் எழுதினார்.

ஐயா, வீரர்களின் சண்டை சச்சரவு எல்லாம் விளையாட்டுப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஞாயிறு புத்தகப் பக்கத்தில் இவர்கள் எழுதிய காமிக்ஸுக்கும் ஒரு விமர்சனம் போடுங்கள், நன்றாக இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள், ஆனால் யாராவது படித்துவிட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
ஈரோடு