எங்கள் தெருவுக்காக நேரம் ஒதுக்கிய எல்லோருக்கும்

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள அக்கம்பக்கத்தாருக்கும் உதவிய நண்பர்களுக்கும் வணக்கம்.

வளைவில் இருக்கும் மூன்று வீட்டு மனைகளை ஒன்றாக்கி வணிக வளாகம் கட்டக் கேட்டிருந்த விண்ணப்பத்துக்கு மாநகராட்சியின் திட்டத் தீர்ப்பாயம் முடிவு சொல்லிவிட்டது. வளாகம் வருகிறது. நாம் கேட்டபடி ஒரு மாடி குறைந்து வருகிறது, மதுக்கடை இல்லாமல் வருகிறது. சரக்கு லாரிகள் பெரிய ரோட்டுப் பக்கம் மட்டும்தான் நுழைய வேண்டும். மழைநீரைத் தன் மனைக்குள்ளேயே தேக்கி மெல்ல வெளியே விடும் தொட்டியைக் கட்டி முடித்த பிறகே கடை திறக்கலாம். இந்த நான்கு வரிக்குப் பின்னால் யார் யார் உழைத்தார்கள் என்று குடியிருப்போர் குழுவின் செயலாளரான எனக்குத் தெரியும். அதை ஊரறியச் சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, பேத்தியைப் பள்ளிக்கு அழைத்துப் போகும் வழியில் வேலியில் கட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்து நின்ற ஆயாவுக்கு. மகனுக்குப் போன் போட்டு, வந்து படம் எடுக்கச் சொல்லி, அன்று மாலையே தெரு வாட்ஸ்அப் குழுவில் போட வைத்தவர் அவர். ஆட்சேபனை எழுதித் தர 30 நாள்தான் இருந்தது. அதில் ஒரு நாள்கூட வீணாகாததற்கு அவர்தான் காரணம்.

அடுத்து, ஓய்வுபெற்ற நகரமைப்பாளர் அண்ணனுக்கு. நம் தெருக்காரர் இல்லை. கேட்டதும் வந்தார், சனிக்கிழமைதோறும் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து எங்களுக்கு விண்ணப்பக் கோப்பைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். ஒரே கடிதத்தில் நூறு கையெழுத்து வாங்குவதைவிட, ஒவ்வொரு வீடும் தனக்குத் தெரிந்ததைத் தன் வார்த்தையில் எழுதினால் கனம் அதிகம் என்றார். 'பிடிக்கவில்லை' என்று எழுதாதீர்கள், என்ன பாதிப்பு, எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்று எழுதுங்கள் என்றார். 2013-ஆம் ஆண்டின் நிலப் பயன்பாட்டு மேலாண்மைச் சட்டம், நாம் வழக்கமாக ஸ்ப்ளூமா என்று சொல்வது, அதன் 42-ஆம் பிரிவைத் திறந்து காட்டினார். பொதுநலன், பாதிக்கப்படுவோரின் உரிமைகள், சாலை, தண்ணீர், வடிகால் போன்ற வசதிகளின் நிலை, திறந்தவெளியின் தேவை இவற்றையெல்லாம் தீர்ப்பாயம் கணக்கில் எடுத்தே தீர வேண்டும். அதன்பிறகுதான் எங்கள் எழுத்துக்கு ஒரு திசை கிடைத்தது.

வார்டு கவுன்சிலருக்கும் நன்றி. அந்தத் தீர்ப்பாயத்தில் கவுன்சிலர்கள் உறுப்பினராக இருக்கக்கூடாது என்பது சட்டம். தன்னால் முடிவை மாற்ற முடியாது என்பதை அவர் முதல் கூட்டத்திலேயே நேராகச் சொன்னார். பொய் நம்பிக்கை தராத அந்தப் பேச்சை நான் மிகவும் மதிக்கிறேன். திட்ட அலுவலகத்தில் வரைபடத்தை மேசை மேல் விரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் பொருள் சொன்ன சகோதரிக்கும் எங்கள் வணக்கம்.

இனி, இந்த முடிவைத் திருப்பிய இரண்டு விஷயங்கள்.

முதலாவது, போக்குவரத்து அறிக்கை. விண்ணப்பத்தோடு இணைத்திருந்த அறிக்கை, காலை நேரத்தில் நம் வளைவில் நெரிசல் இல்லை என்றது. தொடக்கப்பள்ளி டீச்சர் ஒருவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், வாகனம் எண்ணிய தேதிகளைப் பள்ளி நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லாமே விடுமுறை நாட்கள். பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுநர்கள் உடனே முன்வந்தார்கள். பள்ளி நாள் காலை ஏழு முதல் எட்டு வரை வளைவில் நின்று, கார், வேன், டாக்சி, பஸ் என்று தனித்தனியாகக் கோடு போட்டு எண்ணினார்கள். அந்தத் தாளில் டீக்கறைகூட இருந்தது. அப்படியே நகல் எடுத்துக் கோப்பில் சேர்த்தோம். மறுபடி எண்ணச் சொல்லித் தீர்ப்பாயம் கேட்டது அந்தத் தாளைப் பார்த்துத்தான்.

இரண்டாவது, தண்ணீர். 2022 ஏப்ரல் வெள்ளம் நம் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. நம் பக்கம் யாருக்கும் அது மறக்காது. சரிவின் கடைசி வீட்டில் இருக்கும் பெரியம்மா, சமையலறைச் சுவரில் சேறு ஏறி நின்ற கோட்டின் படத்தைக் கொண்டுவந்தார். அடுப்பின் உயரத்துக்கு இருக்கிறது அந்தக் கோடு. மேலே மூன்று மனையிலும் இப்போது இருக்கும் புல்லும் மண்ணும் போய் முழுவதும் தார் போட்டுக் கார் நிறுத்தினால், அந்த மழை எங்கே போகும்? அவர் எழுதிய கடிதத்தில் இந்த ஒரு கேள்விதான் இருந்தது. விசாரணையில் அதை அவரே தமிழில் கேட்டார், பேரன் ஆங்கிலத்தில் சொன்னான். விண்ணப்பதாரரின் பொறியாளர் பதில் சொல்லுமுன் படத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். தொட்டி என்ற யோசனை அவரிடமிருந்தே வந்தது. அவருக்கும் நன்றி சொல்கிறேன். எதிர்த்தரப்பில் உட்கார்ந்திருந்தாலும் காது கொடுத்தார்.

ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிய அன்று, கூழ் வாங்க வந்தவர்களுக்கு அறிவிப்பைப் படித்துச் சொல்லி, எழுதத் தெரியாத பெரியவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்த கல்லூரிப் பிள்ளைகளே, உங்களை என்றும் மறக்க மாட்டோம். கூழ்ப் பானைக்குப் பக்கத்தில் மேசை போட இடம் கொடுத்த கோயில் நிர்வாகத்துக்கும் நன்றி.

பஸ் நிறுத்தத்தில் வாழைப்பழம் விற்கும் கோகோவின் (சூலு மொழியில் பாட்டி) பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை. வளாகத்தின் வாசல் வரவிருந்தது அவர் உட்காரும் இடத்தில்தான். அவர் சார்பில் எழுதிய சூலு பேசும் அண்டை வீட்டாருக்கு, அவர்கள் மொழியிலேயே நன்றி: சியாபோங்கா! கூரையோடு ஓர் இடம் அவருக்கு ஒதுக்குவதாக விண்ணப்பதாரர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

வளாகம் வேண்டும் என்று சொன்னவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. ரொட்டிக்கும் மருந்துக்கும் மேடு ஏறி இறங்க முடியாத வயதானவர்கள் கூட்டத்துக்கு வந்து வாதாடியிராவிட்டால், நாம் 'கூடாது' என்ற ஒற்றைச் சொல்லோடு போயிருப்போம், வெறுங்கையோடு திரும்பியிருப்போம் என்பது என் கருத்து. எப்படி வரவேண்டும் என்று நாம் பேசத் தொடங்கியது அவர்களால்தான்.

என் அப்பா டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் காய்கறி பயிரிட்டவர். 1958-இல் நிறவெறி ஆட்சியில் அந்த நிலம் வெள்ளையருக்கென்று அறிவிக்கப்பட்டது. யார் எங்கே வாழ்வது என்று வரைபடத்தில் கோடு போட்டவர்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அறுபதுகளில் இங்கே கொண்டுவந்து விடப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அதனால், தீர்ப்பாயத்தின் தலைவர் பெரியம்மாவைப் பார்த்து, மேலும் சொல்ல இருக்கிறதா என்று கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

முடிவு வந்த நாளிலிருந்து மேல்முறையீட்டுக்கு 21 நாள் உண்டு. நாம் செய்யப்போவதில்லை என்று கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. கட்டட வேலை தொடங்கியதும் லாரி எந்த வாசலில் நுழைகிறது, தொட்டிக்குக் குழி தோண்டுகிறார்களா என்று பார்த்துச் சொல்ல நான்கு பேர் பொறுப்பேற்றிருக்கிறார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே நன்றி. நிபந்தனைகளின் நகல் கோயில் அலுவலகத்திலும் முனைக்கடையிலும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் படிக்கலாம்.

அன்புடனும் நன்றியுடனும்,
செயலாளர்,
தெருக் குடியிருப்போர் சார்பில்