சின்ன ஸ்டேஷனுக்கு மார்க் போடுவது எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைப் புறநகர் ரயில் நிலையங்களைச் சுற்றிப் பார்த்து மதிப்பெண் போட்டு, சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சென்ட்ரல், எழும்பூரைத் தாண்டி யாரும் எழுதாத ஊரில், பட்டரவாக்கம், அன்னனூர் வரை போய் இறங்கிப் பார்த்ததற்கே கட்டுரையாளரைப் பாராட்ட வேண்டும். அவர் மார்க் போட்ட விதத்தில்தான் எனக்குச் சண்டை. சுவரில் ஓவியம் உண்டா, நடைமேடை பளிச்சென்று இருக்கிறதா, எஸ்கலேட்டர் ஓடுகிறதா என்று எல்லா நிலையத்துக்கும் ஒரே கேள்வித்தாள். போதாக்குறைக்குப் படங்கள் எல்லாம் காலை பதினொரு மணிக்கு மேல் எடுத்தவை போலத் தெரிகின்றன. அந்த நேரத்தில் எந்த ஸ்டேஷனும் லட்சணமாகத்தான் இருக்கும்.

புட்லூரை எடுத்துக்கொள்ளுங்கள். திருவள்ளூருக்கு முந்தின நிலையம். பக்கத்து ராமாபுரத்தில் நிறைமாதக் கர்ப்பிணியாகப் படுத்த கோலத்தில், புற்று வடிவில் அம்மன் இருக்கிறாள். பிள்ளை வரம் கேட்பவர்களும், வரம் கிடைத்து வயிற்றில் சுமப்பவர்களும் அங்கே வருகிறார்கள். வெள்ளிக்கிழமை காலையில் அந்த நடைமேடையில் நின்று பாருங்கள். ரயில் நின்றதும் முதலில் மாமியார் இறங்கிக் கையை நீட்டுவார். அப்புறம் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மருமகள். அவள் பின்னால் பூவும் எலுமிச்சம்பழமும் வைத்த கட்டைப்பையோடு பெண்ணைப் பெற்றவர். மின்சார ரயில் நிற்கும் அரை நிமிஷத்துக்குள் மூவரும் இறங்கியாக வேண்டும். இந்த நிலையத்துக்கு மார்க் போட வருகிறவர் பார்க்க வேண்டியது பெட்டிக்கும் நடைமேடைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி, மேம்பாலத்துக்கு எத்தனை படி, நிழலில் உட்கார பெஞ்ச் உண்டா, கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் விழுகிறதா என்பதைத்தானே? ஓவியத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெண் என்ன செய்வாள்?

தாம்பரம் சானடோரியத்தில் இறங்குகிறவர் வேறு ஆள். 1928-இல் காசநோய்க்கென்று தொடங்கிய மருத்துவமனை இன்று நெஞ்சக நோய் அரசு மருத்துவமனையாக இருக்கிறது. தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அங்கேதான். படியில் பாதி ஏறி, கைப்பிடியைப் பிடித்து நின்று, எக்ஸ்ரே கவரால் விசிறிக்கொள்ளும் ஒரு பெரியவரையாவது பார்க்காமல் அந்த நிலையத்தைவிட்டு வந்தால் நீங்கள் சரியான நேரத்தில் போகவில்லை என்று அர்த்தம். விமான நிலையத்துக்கு எதிரே இருக்கும் திரிசூலத்தில் பெட்டி படுக்கையோடு வருகிறவர்கள். விமான நிலையத்துக்கு மெட்ரோ வந்தது 2016-இல்தான். அதுவரை ரயிலில் விமானம் பிடிக்கப் போனவர்களுக்கு இதுதான் வழி. செலவைப் பார்ப்பவர்களுக்கு இன்றும் இதுதான். பொத்தேரியில் முழுக்கக் கல்லூரிப் பிள்ளைகள். அவர்களுக்குப் படி ஒரு பொருட்டே இல்லை, அகலம்தான் வேண்டும். ஆக, ஒவ்வொரு சின்ன ஸ்டேஷனுக்கும் அதற்கென்று ஒரு பயணி இருக்கிறார். மதிப்பெண்ணை அவரிடம் கேட்டுப் போட வேண்டும்.

இன்னொன்று. நிலையம் நடைமேடையில் தொடங்குவதில்லை, தெருவில் தொடங்குகிறது. எனக்குப் பழக்கமான ஒரு நிலையத்தில் ஊரிலிருந்து வரும் சந்து ஒரு கோடியில் முடியும். மேம்பாலம் மறு கோடியில் இருக்கும். டிக்கெட் கவுண்டர் ஒரு பக்கம் மட்டும். விளைவு என்ன என்று சொல்லத் தேவையில்லை. தண்டவாளத்தைக் கடந்தால் ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். பலகைக்குப் பக்கத்திலேயே தேய்ந்த ஒற்றையடிப் பாதை. மஞ்சள் பெயர்ப் பலகையில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்ற தகவல்கூட இருக்கிறது. கவுண்டர் இரவு எத்தனை மணிக்கு மூடும் என்பதைத்தான் எங்கும் காணோம்.

மழையில் ஒரு தடவை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். 9 பெட்டி ரயில்கள் 12 பெட்டிகளானபோது நடைமேடையை நீட்டினார்கள். கூரை பல இடங்களில் பழைய நீளத்தோடு நின்றுவிட்டது. ஆகவே மழை வந்தால் கூட்டம் முழுக்க நடுவில் ஒண்டிக்கொள்ளும். ரயில் கண்ணில் பட்டதும் கோடிப் பெட்டிக்காரர்கள் நனைந்துகொண்டே ஓடுவார்கள். கட்டுரையில் கூரைக்கு முழு மதிப்பெண் வாங்கிய நிலையங்களில் ஒன்று இந்த ரகம்தான்.

அம்ரித் பாரத் திட்டத்தில் புதுப்பித்து 2025 மே மாதம் திறந்த பரங்கிமலைக்கு முதலிடம் கொடுத்ததில் தப்பில்லை. மெட்ரோவும் வந்து சேரும் இடம், பணமும் வந்தது. ஆனால் தூண்கள் மேல் ஓடும் பறக்கும் ரயிலின் நிலையங்களுக்கு 'பிரம்மாண்டம்' என்று தனி மதிப்பெண் கொடுத்ததை ஒப்புக்கொள்ள முடியவில்லை. கிடங்கு மாதிரிக் கட்டிவிட்டு, அதில் ஆளில்லாத தளங்களைத் தாண்டி ஏறிப் போக வேண்டியிருப்பது குறையா நிறையா என்று இரவு எட்டு மணிக்குத் தனியாக வரும் பெண்ணைக் கேட்டால் தெரியும்.

நல்லதையும் விட்டுவிட்டார். தானியங்கி டிக்கெட் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கும் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. ஊர்ப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டிக்கெட் கையில் வந்துவிடும். பீக் அவரில் பல நிலையங்கள் ஓடுவதே அவர்களால்தான். கடற்கரை முதல் தாம்பரம் வரை 1931-இலிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. சுமார் 30 கிலோமீட்டரில் 18 நிலையங்கள். அந்தத் தடத்தில் இரண்டு தலைமுறையாகப் போய்வரும் குடும்பங்களும் உண்டு. கட்டுரையில் ஒருவரிடம்கூடப் பேச்சுக் கொடுக்கவில்லை.

என் யோசனை இதுதான். வாரம் ஒரு சின்ன நிலையம் என்று ஒரு பத்தி தொடங்குங்கள். தினமும் ஏறி இறங்கும் வாசகரே எழுதட்டும். ரெண்டு நிபந்தனை போதும்: காலை எட்டரை மணிக்கு ஒரு தடவை, கடைசி ரயிலுக்கு ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும், தெருமுனையிலிருந்து நடந்து வந்திருக்க வேண்டும். முதல் வாரத்துக்கு இந்துக் கல்லூரி நிலையத்தைப் பற்றி நான் எழுதி அனுப்புகிறேன். படம் மட்டும் உங்கள் ஆள் வந்து எடுத்துக்கொள்ளட்டும், பதினொரு மணிக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
சீசன் டிக்கெட் வாசகர் ஒருவர்,
பட்டாபிராம்.