கமரா தூக்கிக்கொண்டு மலையேறி வருகிறவர்களுக்கு

ஆவணப்படம் எடுக்கிறவர்கள், செய்திக்கு வருகிறவர்கள், சுற்றுலா விளம்பரம் பிடிக்கிறவர்கள், தொலைநாடகத்துக்கு இடம் பார்க்க வருகிறவர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபீசில் நான் கிளாக்கர். செக்ரோல், அதாவது ஆட்களின் வேலைநாளும் சம்பளமும் பதிகிற புத்தகம் எழுதுகிற வேலை. விடாமல் மழை பெய்த இரண்டு மாதத்தில், இரவுகளில் போனிலேயே 'தி ஆபீஸ்' என்ற அமெரிக்கத் தொடரைப் பார்த்து முடித்தேன். 2005இல் தொடங்கி 2013 மே மாதம் முடிந்த தொடர். ஒன்பது பருவம் (சீசன்), 201 அத்தியாயம். உங்களுக்கு எழுதவைத்தது அதன் கடைசிப் பருவம்.

பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பென்சில்வேனியாவில் ஸ்க்ராண்டன் என்றொரு ஊர், ஒரு காலத்தில் நிலக்கரி வெட்டிப் பிழைத்த ஊர். அங்கே காகிதம் விற்கும் கம்பனியின் ஒரு கிளை. அங்கே நடப்பதையெல்லாம் ஓர் ஆவணப்படக் குழு எடுத்துக்கொண்டே இருக்கிறது. ஆட்கள் எல்லாம் நமக்குத் தெரிந்த ஆட்கள்தான். டுவைட் என்று ஒருவர், ஆபீஸ் வேலையோடு பீட்ரூட் தோட்டமும் வைத்திருக்கிறார். மனேஜர் வாய் திறக்கும் முன்பே ஓடுவார், மற்றவர்களைப் போட்டுக்கொடுப்பார். நுவரெலியாவில் பிறந்திருந்தால், தோட்டத்தில் ஆட்களிடம் வேலை வாங்கும் அருமையான கணக்கப்பிள்ளை ஆகியிருப்பார்.

இத்தனை வருசமும் எடுக்கிறவர்களின் முகத்தை நாம் பார்த்ததில்லை. கடைசிப் பருவத்தில் பார்க்கிறோம். அந்த ஆபீசில் வேலை செய்கிற ஜிம்மும் பாமும் புருசன் பெண்சாதி. ஜிம் பிலடெல்பியாவில் புதிய கம்பனி ஒன்றுக்காக வாரத்தில் பாதி நாள் போய்விடுகிறார். பாம் இரண்டு பிள்ளைகளோடு ஊரில் இருக்கிறார். புருசன் கொழும்புக் கடைக்குப் போய்த் தீபாவளிக்கு மட்டும் வருகிற எங்கள் லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இதற்கு விளக்கம் தேவையில்லை. ஒருநாள் போனில் சண்டை முற்றுகிறது, வைத்துவிட்டுப் பாம் அழுகிறார். அப்போது மைக் பிடிக்கிறவர் கமராவை நிறுத்தச் சொல்லிவிட்டு அவருக்கு ஆறுதல் சொல்ல வருகிறார். பின்னால் ஒருவன் பாமை அடிக்க வரும்போது குறுக்கே பாய்ந்ததால் அந்த மனிதருக்கு வேலையும் போகிறது.

அப்புறம் அந்த ஆவணப்படத்தின் முன்னோட்டம் வெளியாகிறது. கமரா இல்லை என்று நினைத்த நேரத்திலும் தங்களை எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்து எல்லாரும் கொதிக்கிறார்கள். ஆனால் படம் ஒளிபரப்பாகும்போது கூடியிருந்து பார்க்கிறார்கள். ஒரு வருசம் கழித்து மேடையில் உட்கார்ந்து, படம் பார்த்த சனங்களின் கேள்விகளுக்குப் பதிலும் சொல்கிறார்கள்.

சரி, குறையில்லாத பருவம் என்று சொல்லமாட்டேன். மனேஜராக நடித்த ஸ்டீவ் கேரல் ஏழாம் பருவத்திலேயே போய்விட்டார், கடைசி அத்தியாயத்தில் டுவைட்டின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாகத் தலைகாட்டுவதோடு சரி. அவருக்குப் பின்னால் மனேஜரான ஆண்டி என்ற பாத்திரத்தைப் படகில் ஏற்றி அனுப்பியபின் பல வாரம் ஆளையே காணோம், திரும்பி வந்தபின்னோ ஏன் வந்தார் என்றிருந்தது. ஆனாலும் எடுக்கப்பட்டவர்கள் தங்களைத் தாங்களே பார்க்கிற அந்த இடம் எனக்கு விட்டுப்போகவில்லை.

ஏனென்றால் எங்களை நீங்கள் எடுக்காத வருசமில்லை. 2014இல் மீரியபெத்தையில் மண் சரிந்தபோது வந்தீர்கள். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக நாங்கள் வீதியில் நின்றபோது வந்தீர்கள். 2023இல், எங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து இந்த மலைக்கு வந்த இருநூறு வருசத்தை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தபோதும் வந்தீர்கள். வந்ததில் தப்பில்லை, வராவிட்டால் வெளியே யாருக்குத் தெரியும்? விளம்பரக்காரர்கள் வேறு சாதி. எங்கள் மலையில் முதுகில் தொங்குவது இப்போது சாக்குத்தான், கூடையை அவர்களே வேனில் கொண்டுவருவார்கள். அவர்கள் சிரிக்கச் சொல்வார்கள். ஆவணப்படக்காரர்கள் சிரிக்க வேண்டாம் என்பார்கள்.

இதை நான் கண்ணால் பார்த்தேன். எனக்குப் பதினொரு வயது. எங்கள் லயத்து வாசலில் அப்பாயியை (அப்பாவின் அம்மாவை) உட்காரவைத்து, மழைக்குக் கூரை ஒழுகுமா என்று கேட்டார்கள். அப்பாயி சொன்னார்: "லயத்துக்குள்ள வர்ற மழைக்கு அரைப்பேருதான் தம்பி போடுறாங்க." (மலைக்கு வெளியே இருப்பவர்களுக்காக: சொன்ன கிலோ வராவிட்டால் பாதி நாள் சம்பளம்தான் விழும், அதுதான் அரைப்பேர்.) கமரா பிடித்தவரே சிரித்துவிட்டார். பிறகு கூட வந்தவர், "பாட்டி, இன்னொரு தடவை, பகிடி இல்லாமச் சொல்லுங்க" என்றார். அப்பாயி ஒழுகும் என்று மட்டும் சொன்னார். அதோடு எடுத்து முடித்துவிட்டார்கள்.

அந்தக் கூரை உண்மை, ஒழுகலும் உண்மை. ஆனால் அந்த லயத்தில் பகிடிக்குப் பேர்போனவர் அப்பாயி. விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில், தோட்டத்து மனேஜரான பெரிய துரை நடப்பதைப் போலவே அவர் நடந்து காட்டியதை அறுபது பேர் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள், ஒருமுறை துரையே பின்னால் நின்றிருக்கிறார். மடுவம் என்கிற கொட்டகையில் பறித்த கொழுந்தை நிறுக்கும்போது ஈரத்துக்கும் சாக்குக்கும் கிலோ கழிப்பார்கள். அந்தத் தராசடியில் நடக்கும் வாக்குவாதத்தை அப்படியே எடுத்தாலே நீங்கள் வசனம் எழுதத் தேவையில்லை. காகிதம் விற்கும் ஆபீசை வைத்து ஒன்பது பருவம் ஓடியது. எங்கள் ஆபீசில் ஒரு சம்பள நாளை வைத்தே ஒரு பருவம் ஓட்டலாம். நாடகம் எடுக்கிறவர்கள் வாருங்கள், தேத்தண்ணி என் பொறுப்பு.

மற்றவர்களிடம் கேட்பது சின்ன விசயம்தான். எடுத்ததை எங்களுக்கும் போட்டுக் காட்டுங்கள். திருவிழாவுக்குக் கோவில் முன்னால் திரை கட்டத் தெரிந்த பையன்கள் இங்கே இருக்கிறார்கள். பார்த்துவிட்டு எங்களில் யாராவது சண்டைக்கு வந்தால் நின்று பேசுங்கள்.

அன்றைக்கு எங்கள் லயத்துக்கு வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால்: அப்பாயி இறந்து ஆறு வருசமாகிறது, அவர் குரல் எங்களிடம் எதிலும் இல்லை. படத்தில் போட்ட துண்டு வேண்டாம். வெட்டிப்போட்ட முதல் தடவை எங்கேயாவது கிடந்தால், அதை அனுப்பிவையுங்கள்.