மீனின் தலை எந்தப் பக்கம்

அன்புள்ள மலருக்கு,

நலம்தானே? ஐந்து வாரமாகக் கால்வாய்க் கரையிலிருந்து ஒரு படமும் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று அப்பா சொல்கிறார். வேலை அதிகமாக இருந்த நாட்களிலும் அனுப்பியிருக்கிறாள் என்றேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை. செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அவருக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. தம்பி வந்து போனான். வேறு விசேஷம் இல்லை.

நீ கடைசியாக அனுப்பிய சாம்பல் நாரைப் படத்தை இன்று மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, தண்ணீரில் நட்ட குச்சி மாதிரி நிற்கிறது. சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கும்வரை நாரை நம்மைப் பொருட்படுத்துவதில்லை, நிறுத்திக் காலை ஊன்றிய உடனே எழுந்து போய்விடுகிறது, அதனால் அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பிப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். அப்படியே செய். ஓட்டிக்கொண்டே தண்ணீர்ப் பக்கம் பார்க்காதே. தாண்டிப் போ, நிறுத்து, காலை ஊன்று, பிறகு பார்.

அந்தப் படத்தின் கீழ் ஓரத்தில் சைக்கிளின் நிழல் விழுந்திருக்கிறது. காலை வெயில், நீளமான நிழல். ஒரு சைக்கிள்தான் தெரிகிறது. மாப்பிள்ளையின் சைக்கிளில் செயின் பழுது என்று சொன்னாயே, சரியாகிவிட்டதா?

முப்பது வருடம் கால்வாய்களோடு இருந்தவள் சொல்கிறேன், கேள். கரைப் பாதை நல்ல பாதை மாதிரிதான் இருக்கும். எங்கள் பாசனக் கால்வாய்களில் கிலோமீட்டருக்குப் பத்து, இருபது சென்டிமீட்டருக்கு மேல் சரிவு இருக்காது. உங்கள் பாதை படகு இழுத்த குதிரைகளுக்காகப் போட்டது என்றாய். அதுவும் அப்படித்தான், மேடு பள்ளமில்லாமல் போகும். மிதிப்பது தெரியாமல் வேகம் ஏறிவிடும். ஆனால் தண்ணீர் ஓரத்து மண்ணை நம்பக் கூடாது. மேலே புல் பச்சையாக இருக்கும், அடியில் அலை அரித்திருக்கும், எலி வளை பறித்திருக்கும். பாலத்துக்கு அடியில் பாதை குறுகும், வளைவு தாழ்ந்திருக்கும், கல் ஈரமாக இருக்கும். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போ. பிரேக்கைப் பார்த்துக்கொள். எதிரே நடந்து வருகிறவர்களுக்கு மணி அடித்துவிட்டு வழி விடு.

நீர்நாய்ப் படத்தை ஓய்வுபெற்றவர்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் காட்டினேன். பாலத்தடிக் கல்லில் எச்சத்தைப் பார்த்து, அதில் மீன்செதில் கிடந்ததைக் கண்டுபிடித்து, பதினோரு விடியற்காலை அதே கல்லுக்கு எதிரே சைக்கிளைச் சாய்த்து வைத்துக் காத்திருந்தாள் என் மகள் என்று சொன்னேன். அந்தத் தட்டைத் தலையும், மீசையில் சொட்டும் தண்ணீரும் அவ்வளவு தெளிவாக விழுந்திருக்கின்றன. ஒருவர் நம்பவே இல்லை. நம்பாவிட்டால் போகட்டும். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு நீர்நாய்க்காகப் பதினோரு விடியல் காத்திருந்தவளுக்கு, அம்மாவுக்கு ஒரு வரி எழுத நேரமில்லையா மலர்? இதை எழுதியதும் அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

அந்த நீர்நாய்ப் படத்தின் ஓரத்தில் இரண்டு நிழல் இருந்தது. அதற்குப் பிறகு வந்த மூன்று படங்களிலும், இறகை விரித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்த நீர்க்காகத்தின் படத்திலும்கூட, ஒன்றுதான். செயின் மாற்ற இவ்வளவு நாள் ஆகாது. பிரேக்கைப் பார்த்துக்கொள் என்று முன்பே எழுதிவிட்டேன் போலிருக்கிறது.

சென்ற ஆண்டு நீ அனுப்பிய மீன்கொத்திப் படத்துக்கு நான் பதிலே எழுதவில்லை. இரண்டு முறை கேட்டாய். பிறகு கேட்பதை விட்டுவிட்டாய். கிளை நுனியில் நீலமாக உட்கார்ந்திருக்கிறது, அலகில் ஒரு மீன், மீனின் தலை வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. தான் விழுங்குவதாக இருந்தால் மீனின் தலையைத் தன் தொண்டைப் பக்கம் திருப்பிப் பிடிக்கும், இணைக்கோ குஞ்சுக்கோ கொண்டுபோவதாக இருந்தால் தலை வெளியே இருக்கும்படி பிடிக்கும், வாங்குகிறவர் தலையிலிருந்து விழுங்க வேண்டுமே அம்மா என்று கீழே எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு அன்று இரவு நான் தூங்கவில்லை.

நாலாவது மதகு நினைவிருக்கிறதா? உனக்குப் பதினொரு வயது. நீர் நிறுத்தியிருந்த காலம். மதகுக்குக் கீழே, செங்குத்தாக அறுந்து நின்ற மண்கரையில் ஒரு மீன்கொத்திப் பொந்து. அதன் வாயிலிருந்து எச்சம் வெள்ளையாக வழிந்திருந்தது. சைக்கிளைக் கரையிலேயே போட்டுவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாய். உள்ளே குஞ்சு இருக்கிறது, இருபது நாள் பொறுத்துக்கொள் அம்மா என்றாய்.

தண்ணீர் திறக்கும் தேதி என் கையில் இல்லை என்று சொன்னேன். தேதி என் கையில் இல்லைதான். ஆனால் அதற்கு முன் முடிக்க வேண்டிய கரை வேலையை எந்த முனையில் தொடங்குவது என்பது என் கையில் இருந்தது. கடைமடையிலிருந்து தொடங்கியிருந்தால் நாலாவது மதகுக்கு வந்து சேர ஒரு மாதம் ஆகியிருக்கும். மகள் குருவிக்கூட்டைக் காட்டினாள் என்பதற்காக இந்த அம்மா வேலையையே திருப்பிப் போட்டுவிட்டார் என்று ஒப்பந்தக்காரர் ஊரெல்லாம் சொல்வாரே என்று பயந்தேன். அந்தப் பிரிவில் பெண் என்று நான் ஒருத்திதான் இருந்தேன். அது காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

இயந்திரம் கரையைச் சரிக்கத் தொடங்கிய காலையில் நான் அங்கே நின்றேன். மட்டம் பார்க்க அடித்து வைத்திருந்த முளைக்குச்சியின் மேல் அந்தப் பறவை வந்து உட்கார்ந்தது. அலகில் மீன். விழுங்கவில்லை. பறந்து போய், அதே மீனோடு திரும்பி வந்து அதே குச்சியில் உட்கார்ந்தது. மீனின் தலை என் பக்கம் இருந்தது, அதன் கண் எனக்குத் தெரிந்தது. இயந்திரத்தை நிறுத்தச் சொல்லவில்லை. சாயங்காலம் வந்து, குஞ்சுகளெல்லாம் பறந்துவிட்டன என்று உன்னிடம் சொன்னேன். நீ நம்பினாய். நோட்டில் தேதி போட்டு, ‘பறந்துவிட்டன’ என்று எழுதி வைத்தாய். அந்த நோட்டு இன்னும் இங்கேதான் இருக்கிறது.

அங்கே இப்போது கான்கிரீட் சரிவு. அதை எந்த அலகும் துளைக்காது. உள்ளே ஒன்றும் இருந்திருக்காது என்று இவ்வளவு வருடம் எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடிந்தது. உன் படம் வந்த பிறகு முடியவில்லை. அதற்குத்தான் பதில் எழுதவில்லை. ஒவ்வொரு வாரமும் எழுதலாம் என்று உட்காருவேன், நாள் போகப் போக எழுதுவது இன்னும் கஷ்டமாகிவிடும். நீ கோபப்படு, திட்டு, எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

கூட்டைவிட்டு வெளியே வந்த குஞ்சுகளுக்கு மீன்கொத்தி ஒரு நான்கு நாள்தான் ஊட்டும், பிறகு தன் எல்லையிலிருந்தே விரட்டிவிடும் என்று நீ ஒரு முறை எழுதினாய். இந்த வீட்டில் அப்படி எல்லை எதுவும் கிடையாது. உன் அறையை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. தம்பி கேட்டான், கொடுக்கவில்லை.

அடுத்த படத்தில் ஒரு நிழல்தான் விழும் என்றால் ஒரு நிழலோடே அனுப்பு. பறவை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வெறும் தண்ணீராக இருந்தாலும் அனுப்பு. நான் எதுவும் கேட்க மாட்டேன். அப்பாவும் கேட்க மாட்டார், சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: பாலத்துக்கு அடியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போ.