சிங்கராஜ வனத்துக்கு ஆள் கூட்டிப் போகிறவர்களுக்கு

கொழும்பிலிருந்து சிங்கராஜ வனத்துக்கு ஒருநாள் பயணம் ஒழுங்குசெய்யும் நண்பர்களே, வணக்கம்.

நான் அந்தக் காட்டுக்கு இரண்டு தடவை போனேன். முதல் தடவை உங்களைப் போன்ற ஒருவர் ஒழுங்குசெய்த பயணம். வெறுங்கையோடு திரும்பினேன். இரண்டாம் தடவை வந்த சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை. காடு அதே காடுதான், நேரம்தான் வேறு.

முதல் தடவை காலை 6.30க்கு வெள்ளவத்தையில் வான் ஏறினோம். இரத்தினபுரி, கலவானை என்று வளைந்து வளைந்து, இடையில் சாப்பாட்டுக்கும் நின்று, காட்டின் குடாவ வாசலுக்கு வந்தபோது 11.30 ஆகிவிட்டது. 18 பேருக்கு ஒரு வழிகாட்டி. 2 மணிக்கு மதியச் சாப்பாடு என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். பாவம், மனிதர் கிட்டத்தட்ட ஓடினார். அருவியில் குளித்தோம், படம் எடுத்தோம், மழை பிடித்துக்கொண்டது, திரும்பிவிட்டோம். காலில் ஏறிய அட்டையைத் தவிர ஒரு உயிரையும் நான் நின்று பார்க்கவில்லை.

இரண்டாம் தடவை அம்மா, தம்பி, தம்பியின் மனைவி, நான். முதல் நாள் பின்னேரமே குடாவ ஊருக்குள் ஒரு வீட்டில் தங்கிவிட்டு, விடிந்ததும் வாசலுக்குப் போனோம். அரை மணி நேரம் நடந்திருப்போம். வழிகாட்டி சட்டென்று கையை உயர்த்தினார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தூரத்துச் சந்தை இரைச்சல் போல ஒன்று நெருங்கி வந்தது. முதலில் செம்மஞ்சள் அலகுச் சிலம்பன்கள், 20க்குக் குறையாது, கொடிகளுக்குள் புகுந்து புகுந்து இரை தேடின. அவற்றுக்கு மேலே கொண்டைக் கரிச்சான். உச்சிக் கிளையில் ஒரு செம்முகப் பூங்குயில், கண்ணைச் சுற்றிக் குங்குமம் அப்பியது போல. நீல உடலும் சிவந்த அலகுமாக இரண்டு பறவைகள் தாவிப் போயின. ‘கெஹிபெல்லா’ என்று வழிகாட்டி சிங்களத்தில் மெல்லச் சொன்னார். அம்மாவின் கணுக்காலில் அட்டை ஊர்ந்துகொண்டிருந்தது. அவ குனியவே இல்லை.

இப்படிப் பல இனப் பறவைகள் ஒன்றுகூடி இரை தேடுவதைப் பறவை ஆய்வாளரான பேராசிரியர் சரத் கொட்டகமவும் அவரோடு சேர்ந்தவர்களும் 1980களின் தொடக்கத்திலிருந்து அங்கே கவனித்து வந்திருக்கிறார்கள். ஒரு கூட்டத்தில் சராசரியாக 40 பறவைகள், 11, 12 இனங்கள். கரிச்சான் மற்றப் பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பாடி அவற்றைக் கூட்டத்துக்கு இழுக்கிறதாம். இந்தக் கூட்டம் உங்கள் அட்டவணையைப் பார்த்து வராது. எங்களுக்கு 10 நிமிடம் கிடைத்தது. முதல் தடவை போன வேகத்தில் அது பக்கத்தால் போயிருந்தாலும் நாங்கள் கவனித்திருக்க மாட்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடாவ பக்கம் நாம் நடக்கிற அந்த அகலமான பாதை மரம் ஏற்றிய லொறிகளுக்காக வெட்டப்பட்டது. 1970களில் ஒட்டுப்பலகைக்காக அங்கே மரம் தறித்தார்கள். எதிர்ப்பு வலுத்து, 1977இல் அது நிறுத்தப்பட்டது. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது. அப்போது அறிவித்த பரப்பு மொத்தமே 8,864 ஹெக்டயர்தான். தப்பிப் பிழைத்த காடு இது. வானில் வரும்போது இதை உங்கள் ஆட்களுக்குச் சொல்லுங்கள். நான்கு மணி நேரப் பாட்டுக்கு நடுவில் ஐந்து நிமிடம் போதும்.

நான் கேட்பது இதுதான்: விடியும்போது ஆட்கள் வாசலில் நிற்கிற மாதிரி பயணத்தை மாற்றுங்கள். ஓர் இரவு தங்கினால் விலை கூடும், தெரியும். அப்படியென்றால் இரவு 2 மணிக்கு வெளிக்கிடுங்கள். சிவனொளிபாத மலைக்கு நடுச்சாமத்தில் ஏற ஆள் சேர்க்க முடிகிறதென்றால் இதற்கும் முடியும். ஒரு வழிகாட்டிக்கு ஆறு பேருக்கு மேல் வேண்டாம். எவ்வளவு நேரம் நடப்பது, எங்கே நிற்பது என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். அவர் அந்த ஊர்க்காரர், கள்ளுக்கும் பாணிக்கும் கித்துள் பனை சீவுகிற குடும்பத்தில் பிறந்தவர். நமக்குக் கேட்காதது அவருக்குக் கேட்கிறது.

அருவிக்குச் சவர்க்காரமும் ஷாம்பூவும் கொண்டுபோக விடாதீர்கள். அந்த நீரோடைகளில் இருக்கும் சில மீன்கள் இலங்கையைத் தவிர உலகில் வேறு எங்கும் இல்லை. அட்டைக்கென்று சவர்க்காரத் தூளைக் காலில் பூசுவதும் அதே தண்ணீரில்தான் கரைகிறது. நீளமான அட்டைக் காலுறை வாங்கிக் கொடுங்கள், போதும்.

அன்று நாங்கள் அருவிக்குப் போய்ச் சேர்ந்தபோது 11 மணி தாண்டிவிட்டது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் மணி நேரம் தண்ணீரில் கால் வைத்து உட்கார்ந்திருந்தா. பிறகு வழிகாட்டியைப் பார்த்து, “தம்பி, அந்தப் பறவைகள் திரும்பி வரும் வழியிலும் நிற்குமா?” என்று தமிழிலேயே கேட்டா. அவருக்கு எப்படியோ புரிந்துவிட்டது. கையை உயர்த்திக் காட்டி, முன்னால் நடந்தார்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு பயணி